மரத்தில் செதுக்கிய துப்பாக்கி

நுழையும் முன்

அஞ்சல் தலை, நாணயம், பழங்காலக் கடிகாரம் ஆகியவற்றைத் திரட்டுவோரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அமெரிக்க நாட்டில் பழைய கைத்துப்பாக்கிகளைத் திரட்டிப் பேணி, அவற்றின் வேலைப்பாட்டைக் கண்டு மகிழ்வோர் பலர் உள்ளனர். அவர்கள் பெரிதும் விரும்பித் தேடுபவை சாமுவேல் கோல்ட் என்பவர் செய்தவை. அவருடைய வாழ்க்கை வரலாறே இப்பாடம். நம் நாட்டுத் துறைமுகம் ஒன்றும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது.

இளமை

அமெரிக்காவின் வடகிழக்கில், கனெக்டிகட் ஆற்றின் கரையில் ஹார்ட்ஃபோர்டு நகரம் அமைந்துள்ளது. அந்நகரில் 1814ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19ஆம் நாள் சாமுவேல் கோல்ட் பிறந்தார். கோல்ட் என்னும் குடும்பப் பெயர், ஆங்கிலத்தில் ஆண் குதிரைக்குட்டியைக் குறிக்கும் சொல்லாகும். முன்னங்கால்களை உயர்த்தி நிற்கும் குதிரைக்குட்டியே பிற்காலத்தில் அவருடைய நிறுவனத்தின் சின்னமாயிற்று. தமிழில் எழுதும்போது பொன்னைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு இதனை மயக்கிக்கொள்ளுதல் கூடாது.

சாமுவேலுக்கு ஏழு வயது நிரம்புமுன் அவருடைய தாயார் காசநோயால் இறந்தார். தந்தையார் கிறிஸ்டோபர் வணிகத்தில் உயர்வும் தாழ்வும் கண்டவர். பதினொரு வயதில் சாமுவேல் வேறொரு ஊரில் உழவர் ஒருவரிடம் வேலைக்கு விடப்பட்டார். அவ்வீட்டில் அவருக்குக் கிடைத்த அறிவுக் களஞ்சிய நூல் ஒன்று, வேதநூலைக் காட்டிலும் அவருடைய மனத்தை ஈர்த்தது. வெடிமருந்து, மின்கலம், பெரிய கண்டுபிடிப்பாளர் வரலாறு ஆகியவை அதில் இருந்தன.

பின்னர் வேர் என்னும் ஊரில் இருந்த தந்தையாரின் துணி ஆலையில் சேர்ந்தார். 1829ஆம் ஆண்டு ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாள். ஏரியில் மிதக்கும் தெப்பம் ஒன்றை மின்சாரத்தால் வெடித்துக் காட்டப்போவதாக ஊராருக்கு அறிவித்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்துகூட நிரம்பவில்லை. வெடி வெடித்தது, தெப்பம் தப்பியது. ஏரிச் சேறும் நீரும் நல்லாடை அணிந்து வந்திருந்த மக்கள்மீது மழையாய்ப் பொழிந்தன. சினங்கொண்ட கூட்டத்திடமிருந்து அவரைக் காத்தவர் எலிஷா ரூட் என்னும் இளம் தொழிலாளி என்று கூறுவர். இப்பெயரை நினைவில் கொள்க, மீண்டும் வரும்.

அடுத்த ஆண்டு அவர் பயின்ற பள்ளியில், அவர் செய்த வெடி வேடிக்கையால் தீப்பற்றியது. பள்ளி வாழ்க்கை அத்துடன் முடிந்தது. கடல்தொழில் கற்றுவருமாறு தந்தையார் அவரைக் கப்பலேற்றினார்.

கல்கத்தாப் பயணம்

1830ஆம் ஆண்டு, பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கொர்வோ என்னும் பாய்மரக் கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. பதினாறு வயதுச் சாமுவேல் அதில் பயிற்சி மாலுமி. பாஸ்டனுக்கும் நம் நாட்டுக்கும் இடையே அக்காலத்தில் வணிகம் செழித்திருந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டிகூடப் பாஸ்டனிலிருந்து கல்கத்தா வந்து சேர்ந்தது. விடுமுறையில் சென்னைக்குச் செல்லும்போது மெரினாக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடத்தைக் காண்பீர்கள். அதே வணிகத்திற்காக, கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்கு 1842ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது அது.

அப்பயணத்தில்தான் சுழல்துப்பாக்கி பற்றிய எண்ணம் பிறந்தது என்பது கோல்ட் தாமே பின்னாளில் கூறிவந்த செய்தி. சுக்கான் சக்கரத்தைச் சுழற்றி, வேண்டிய இடத்தில் அதனை அசையாமல் நிறுத்துவதைக் கண்டு அவ்வெண்ணம் தோன்றியது என்பர் சிலர். நங்கூரம் இழுக்கும் உருளையைக் கண்டு தோன்றியது என்பர் வேறு சிலர். கோல்ட் திறமையான விற்பனையாளர். தம் பொருளுக்கு அழகிய பிறப்புக் கதை ஒன்று வேண்டும் என்பதை நன்கு அறிந்தவர். ஆகவே இக்கதையைச் சற்று எச்சரிக்கையுடனேயே ஏற்றல் வேண்டும். ஆயினும் கப்பலில் அவர் செதுக்கியதாகக் கருதப்படும் மர மாதிரி இன்றும் ஹார்ட்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் உள்ளது. அது வெடிக்காது, சுடாது. சிறுவன் ஒருவனின் கத்தி வேலை மட்டுமே அது.

அம்மாதிரியில் என்ன புதுமை இருந்தது? அக்காலக் கைத்துப்பாக்கியில் குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை வைத்து, கோலால் இடித்து இறுக்குவர். ஒருமுறை சுட்டபின் அனைத்தையும் மீண்டும் செய்தல் வேண்டும். அதற்குள் எதிரி நெருங்கிவிடுவான். பல அறைகள் கொண்ட துப்பாக்கிகள் முன்பே இருந்தன. பாஸ்டனைச் சேர்ந்த எலிஷா காலியர் 1818ஆம் ஆண்டிலேயே இலண்டனில் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அவ்வகையில் உருளையைப் பெரும்பாலும் கையால் திருப்புதல் வேண்டும். கோல்ட் செய்தது வேறு. துப்பாக்கியின் பின்புறத்தில் நிமிர்ந்து நிற்கும் சுத்தியல் போன்ற உறுப்பைத் தமிழில் குதிரை என்பர். அதனைப் பெருவிரலால் பின்னுக்கு இழுக்கும்போதே உருளை ஓர் அறை அளவு சுழலும். அடுத்த அறை குழலுக்கு நேரே வந்தவுடன் சிறு பூட்டு ஒன்று அதனை அசையாமல் பிடித்துக்கொள்ளும். விசையை அழுத்தினால் குதிரை பாய்ந்து, அறையின் பின்னே செருகிய செப்பு மூடியை அடிக்கும், தீப்பொறி எழும், குண்டு வெளியேறும். இழுத்தல், சுழலுதல், பூட்டுதல் ஆகிய மூன்றும் ஓர் அசைவில் நிகழ்வதே அப்புதுமை. கோல்ட் என்னும் பெயருக்கும் குதிரைக்கும் உள்ள பொருத்தம் தற்செயலானதே எனினும் தமிழ் மாணவர்க்கு இனிக்கும்.

சிரிப்பூட்டும் மருத்துவர்

ஊர் திரும்பியபின் தந்தையார் பொருளுதவியால் ஒரு கைத்துப்பாக்கியும் ஒரு நீள்துப்பாக்கியும் செய்யப்பட்டன. நீள்துப்பாக்கி நன்கு சுட்டது. கைத்துப்பாக்கியோ முதல் சோதனையிலேயே வெடித்துச் சிதறியது. தேர்ந்த கொல்லர்களை அமர்த்துவதற்குப் பணம் தேவைப்பட்டது. அதற்குக் கோல்ட் கண்ட வழி விந்தையானது. சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பெயரைச் சற்று மாற்றி, மருத்துவர் பட்டத்தையும் தாமே சூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். வாயுவை முகர்ந்தவர் சிரிப்பதையும் ஆடுவதையும் காண மக்கள் கட்டணம் செலுத்திக் கூடினர். விளம்பரங்களில் நியூயார்க், இலண்டன் ஆகிய நகரங்களோடு கல்கத்தாவையும் தம் பெயருடன் இணைத்துக்கொண்டார். மாலுமிச் சிறுவனாக வந்து சென்ற ஊர், மருத்துவப் பெருமைக்கு உரிய ஊராயிற்று! இச்செயலை நேர்மை எனக் கூற இயலாது. ஆனால் மூன்று ஆண்டுக்காலம் இவ்வாறு ஈட்டிய பணமே பால்டிமோர் நகரக் கொல்லர் செய்த மாதிரிகளுக்குக் கூலியாயிற்று.

பேட்டர்சன்

1835ஆம் ஆண்டு இங்கிலாந்திலும், 1836ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது. நியூஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில் தொழிற்சாலை தொடங்கியது. அங்கே பிறந்த ஐந்து அறைத் துப்பாக்கியை அவ்வூர்ப் பெயராலேயே பேட்டர்சன் என்பர். அதன் விசை உடலுக்குள் மடங்கியிருக்கும். குதிரையை இழுத்தால் மட்டுமே வெளியே நீளும். காண்பதற்கு மெல்லிய, அழகிய கருவி.

அதனை வாங்குவோர் அரிதாயினர். 1837ஆம் ஆண்டு இராணுவம் சோதித்துப் பார்த்து, படைவீரருக்கு ஏற்றதன்று எனத் தள்ளியது. உறுப்புகள் நுண்ணியவை, பழுதானால் களத்தில் சரிசெய்வது கடினம், விலையும் மிகுதி. ஃபுளோரிடாவின் சதுப்பு நிலங்களில் செமினோல் பழங்குடியினரை எதிர்த்து நடந்த போருக்குக் கோல்ட் தாமே சென்று சில துப்பாக்கிகளை விற்றார். பங்குதாரர் பொறுமை இழந்தனர். 1842ஆம் ஆண்டு தொழிற்சாலை மூடப்பட்டது. இருபத்தெட்டு வயதில் கோல்ட் கடனாளியாக நின்றார். அதன்பின் நீருக்கடியில் வெடிக்கும் கண்ணிவெடிகளைக் கடற்படைக்குக் காட்டினார். தந்தியைக் கண்ட சாமுவேல் மோர்ஸுடன் நட்புக்கொண்டு, நீர் புகாத கம்பிவடம் செய்தார். அவையும் பெரிய வருவாய் தரவில்லை.

இன்று சேகரிப்போர் நடுவில் பேட்டர்சன் துப்பாக்கிக்கு உள்ள மதிப்பு வியப்பூட்டுவது. அன்று விலைபோகாததால் குறைவாகவே செய்யப்பட்டது. குறைவாகச் செய்யப்பட்டதால் இன்று கிடைப்பதற்கு அரிதாயிற்று. கோல்ட்டைக் கடனில் ஆழ்த்திய அதே பொருளுக்காக இன்று ஏலக் கூடங்களில் செல்வர் போட்டியிடுகின்றனர்.

வாக்கரின் வருகை

மறந்துபோன பேட்டர்சன் துப்பாக்கிகள் சில டெக்சாஸுக்குச் சென்றிருந்தன. டெக்சாஸ் அப்போது தனிக் குடியரசு. அதன் கடற்படை வாங்கியவை, கடற்படை கலைந்தபின் ரேஞ்சர்கள் எனப்படும் எல்லைக் காவல் குதிரைவீரர் கைக்கு வந்தன. 1844ஆம் ஆண்டு ஜாக் ஹேஸ் என்பவர் தலைமையில் சுமார் பதினைந்து ரேஞ்சர்கள், தம்மைவிடப் பன்மடங்கு மிகுந்த கொமாஞ்சி வீரரை எதிர்கொண்டனர். கொமாஞ்சியர் குதிரையேற்றத்தில் இணையற்றவர். துப்பாக்கிவீரன் ஒருமுறை சுட்டு மீண்டும் மருந்து இடிப்பதற்குள் பல அம்புகளை எய்துவிடுவர். அன்று அந்தக் கணக்கு தவறிப்போயிற்று. ஒவ்வொரு துப்பாக்கியும் ஐந்துமுறை சுட்டது.

அப்போரில் காயமுற்று உயிர் பிழைத்தவர் சாமுவேல் வாக்கர். மெக்சிகோவுடன் போர் மூண்டபோது அவர் இராணுவத்தில் குதிரைப்படைத் தலைவர். கோல்ட்டும் அவரும் கலந்து பேசிப் புதிய துப்பாக்கி ஒன்றை வடிவமைத்தனர். ஐந்து அறை ஆறாயிற்று. மடங்கும் விசைக்கு மாறாக நிலையான விசையும் அதற்குப் பாதுகாப்பு வளையமும் அமைந்தன. மருந்தை இடித்து இறுக்கும் நெம்புகோல் குழலின் கீழேயே பொருத்தப்பட்டது. எடை இரண்டு கிலோகிராமுக்குச் சற்று மேல். இடுப்பில் செருகுவதற்கு இயலாது, குதிரைச் சேணத்தில் மாட்டுதல் வேண்டும். 1847ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆயிரம் துப்பாக்கிகளுக்கு அரசு ஆணையிட்டது. கோல்ட்டிடம் அப்போது தொழிற்சாலையே இல்லை. பருத்தி விதை நீக்கும் பொறியால் புகழ்பெற்ற எலி விட்னியின் மகனது ஆலையில் அவற்றைச் செய்து முடித்தார். வாக்கர் தமக்கென அனுப்பப்பட்ட இணைத் துப்பாக்கிகளைப் பெற்ற சில நாள்களில், அக்டோபர் 9 அன்று மெக்சிகோவில் போரில் மாண்டார். துப்பாக்கிக்கு அவருடைய பெயர் நிலைத்தது.

வாக்கர் துப்பாக்கியின் உருளையைச் சுற்றி மெல்லிய கோடுகளால் ஒரு காட்சி பொறிக்கப்பட்டுள்ளது. ரேஞ்சர்கள் கொமாஞ்சியரைத் துரத்தும் காட்சி அது. சேகரிப்போர் கண்ணாடி வைத்து அக்கோடுகளை ஆராய்வர். கோடுகள் தேயாமல் இருந்தால் விலை உயரும். ஆனால் அது வென்றவர் கண்ட காட்சி. தம் மேய்ச்சல் நிலத்தையும் வேட்டை நிலத்தையும் இழந்துகொண்டிருந்த மக்கள் அதே நாளை எவ்வாறு கண்டனர் என்பதற்கு அவ்வுருளையில் இடமில்லை. அருங்காட்சியகத்தில் இத்தகைய பொருளைக் காணும்போது அதில் பொறிக்கப்படாததையும் சேர்த்துக் காணுதல் நன்று.

ஆற்றங்கரைத் தொழிற்சாலை

வாக்கர் துப்பாக்கியால் கிடைத்த வருவாயைக்கொண்டு கோல்ட் சொந்த ஊருக்குத் திரும்பினார். 1849ஆம் ஆண்டு தொழிற்சாலைப் பொறுப்பாளராக அமர்த்தியவர், வேர் ஏரிக்கரையில் அவரைக் காத்ததாகக் கூறப்படும் அதே எலிஷா ரூட். துப்பாக்கியைவிட இத்தொழிற்சாலையே கோல்ட்டின் பெரிய படைப்பு என்பது என் கருத்து. கொல்லர் ஒருவர் அரத்தால் தேய்த்துத் தேய்த்து ஒரு துப்பாக்கியை முழுதும் செய்த காலம் அது. ரூட் வடிவமைத்த இயந்திரங்கள் ஒரே அளவான உறுப்புகளை ஆயிரக்கணக்கில் வெட்டித் தந்தன. அங்கே தொழில் பயின்ற பிராட், விட்னி என்னும் இருவர் பின்னர்த் தனி நிறுவனம் தொடங்கினர். அவர்கள் பெயரை இன்றும் விமானப் பொறிகளில் காணலாம். இங்கே குறிப்பிடப்படும் விட்னி, மேலே கூறிய விட்னி அல்லர்.

எனினும் உறுப்புகள் ஒன்றுக்கொன்று முழுமையாக மாற்றத்தக்கனவாக இல்லை. இயந்திரம் வெட்டியபின் தொழிலாளர் கையால் தேய்த்துப் பொருத்தினர். ஒரு துப்பாக்கிக்காகத் தேய்த்த உறுப்பு மற்றொன்றில் சரியாக அமராது. எனவே சட்டம், குழல், உருளை, விசை வளையம் என ஒவ்வோர் உறுப்பிலும் ஒரே வரிசை எண்ணைப் பதித்தனர். அன்று தொழிலாளர் வசதிக்காகப் பதித்த எண்ணே இன்று சேகரிப்போருக்கு முதற்சான்று. எல்லா எண்களும் ஒத்திருந்தால் துப்பாக்கி பிறந்தபடியே உள்ளது. ஓர் எண் மாறினால் இடையில் எவரோ உறுப்பை மாற்றியுள்ளனர். அடுத்து அவர்கள் நோக்குவது எஃகின் நீலநிற மேற்பூச்சு. பழையதைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவர் அதன் மதிப்பைக் குறைத்துவிட்டார் என்றே அவர்கள் கருதுவர். மருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு ஆகியவற்றோடு மரப்பேழையும் உடனிருந்தால் பெருமகிழ்ச்சி கொள்வர்.

1851ஆம் ஆண்டு வெளிவந்த நேவி என்னும் வகை கோல்ட்டை உலகறியச் செய்தது. இடுப்பில் தாங்கும் எடை, கையில் இயல்பாக அமையும் பிடி, உருளையில் டெக்சாஸ், மெக்சிகோக் கப்பல்களின் கடற்போர்க் காட்சி. ஹார்ட்ஃபோர்டில் மட்டும் ஏறத்தாழ 2,15,000 செய்யப்பட்டன. அதே ஆண்டு இலண்டனில் நடந்த உலகப் பெருங்கண்காட்சியில் கோல்ட் தம் துப்பாக்கிகளை வரிசையாக அடுக்கினார். 1853ஆம் ஆண்டு இலண்டனிலும் தொழிற்சாலை திறந்தார். அது சில ஆண்டுகளே நடந்தது. பிரிட்டிஷ் கடற்படையும் இராணுவமும் அங்கிருந்து வாங்கின. 1857ஆம் ஆண்டு நம் நாட்டில் பெரும் எழுச்சி ஏற்பட்டபோது, பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலரது இடுப்பில் கோல்ட் துப்பாக்கிகள் இருந்தன. கல்கத்தாவுக்கு வந்த கப்பலில் மரத்துண்டாகப் பிறந்த எண்ணம், இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் நம் மண்ணிலேயே எஃகாகச் சுட்டது. இதைப் படிக்கும் நமக்கு வேலைப்பாட்டின் அழகைக் காட்டிலும் இச்செய்தியே முதலில் உறைக்கும்.

பரிசளிப்பதில் கோல்ட் கைதேர்ந்தவர். பொன்னிழை பதித்த டிராகூன் வகைத் துப்பாக்கி ஒன்றை 1854ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலசுக்கு அளித்தார். அது இன்று ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது; அதன் இணை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ரஷ்யருக்கும் துருக்கியருக்கும் பகை முற்றியிருந்த காலத்தில், ஒருவர் வாங்குவதை மற்றவரிடம் கூறி இருவருக்கும் விற்றார் என்று சொல்வதுண்டு.

ஆற்றுவெள்ளம் புகும் தாழ்நிலத்தை மலிவாக வாங்கி, நீண்ட கரை எழுப்பி, அதற்குள் 1855ஆம் ஆண்டு பெரிய தொழிற்சாலையைக் கட்டி முடித்தார். கூரையில் விண்மீன்கள் பதித்த நீலநிறக் குவிமாடம் நின்றது. கரையின் மண் அரிக்காதிருக்க வில்லோ மரங்களை நட்டார். அவற்றின் கொப்புகள் வீணாகாதிருக்க, ஜெர்மனியிலிருந்து கூடை முடைவோரை வரவழைத்துக் குடியமர்த்தினார். தொழிலாளருக்கு வீடுகளும், கூடிப் பேசுவதற்கு மன்றமும் அமைத்தார். காலம் தவறி வருவோரிடம் கடுமை காட்டினார்.

இறுதிக் காலம்

1856ஆம் ஆண்டு எலிசபெத் ஜார்விஸ் என்பவரை மணந்தார். குழந்தைகளில் ஒருவரைத் தவிர மற்றவர் இளமையிலேயே இறந்தனர். உள்நாட்டுப் போர் நெருங்கியபோது, தென் மாநிலங்களுக்கும் தயங்காமல் துப்பாக்கி விற்றார். போர் 1861ஆம் ஆண்டு ஏப்ரலில் வெடிக்கும்வரை விற்பனை நிற்கவில்லை. வடபகுதிச் செய்தித்தாள்கள் அவரைத் துரோகி எனத் தூற்றின. அப்பழியைத் துடைக்கத் தாமே ஒரு படைப்பிரிவு திரட்டவும் முயன்றார். உடல்நலம் குன்றி, 1862ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் நாற்பத்தேழாவது வயதில் மறைந்தார். அவருடைய வாழ்நாளில் அவர் ஆலைகள் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைச் செய்திருந்தன.

1864ஆம் ஆண்டு தொழிற்சாலை தீக்கிரையானது. எலிசபெத் அம்மையார் அதனை மீண்டும் எழுப்பினார். நீலக் குவிமாடத்தையும் மறவாமல் அமைத்தார். திரைப்படங்களில் மாட்டுக்காரர் இடுப்பில் நீங்கள் காணும் புகழ்பெற்ற ஆறு அறைத் துப்பாக்கி, 1873ஆம் ஆண்டு இப்புதிய ஆலையில் பிறந்தது. கோல்ட் அதனைக் கண்டதில்லை. 1905ஆம் ஆண்டு அம்மையார் இறந்தபோது, கணவர் திரட்டிவைத்த துப்பாக்கிகளை ஹார்ட்ஃபோர்டின் வாட்ஸ்வொர்த் அருங்காட்சியகத்திற்கு உரிமையாக்கியிருந்தார். கோல்ட்டும் ஒரு சேகரிப்பாளரே என்பது அப்போது பலருக்குத் தெரியவந்தது.

2018ஆம் ஆண்டு வாக்கர் துப்பாக்கி ஒன்று பேழையோடு ஏலத்திற்கு வந்தது. 1847ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த கப்பல் தலைவர் ஒருவர் வாங்கிச் சென்றது அது. விலை 18,40,000 டாலர். கப்பலில் செதுக்கிய மர மாதிரியோ விற்பனைக்கு வருவதில்லை. வாட்ஸ்வொர்த் அருங்காட்சியகத்தில், எலிசபெத் அம்மையார் அளித்த பொருள்களோடு அது இருக்கிறது.

பயிற்சி

அருஞ்சொற்பொருள்: காப்புரிமை – கண்டுபிடித்தவருக்கு அரசு வழங்கும் தனியுரிமை, சுக்கான் – கப்பலைத் திருப்பும் கருவி, சேணம் – குதிரையின் முதுகில் இடும் இருக்கை, பேழை – பெட்டி, முடைதல் – பின்னுதல்.

1. கோல்ட் துப்பாக்கியில் உருளை சுழலும் முறையை உம் சொற்களில் எழுதுக.

2. பேட்டர்சன் துப்பாக்கி அன்று விலைபோகாததற்கும் இன்று விலை மிகுந்ததற்கும் உரிய காரணங்கள் யாவை?

3. வாக்கர் துப்பாக்கியின் உருளையில் உள்ள காட்சியைக் கொமாஞ்சி வீரர் ஒருவர் தம் மகளுக்கு விளக்குவதாகப் பத்து வரிகளில் எழுதுக.

4. நீங்கள் வாழும் நகரின் அருங்காட்சியகத்தில் உள்ள படைக்கலம் ஒன்றைக் கண்டு, அதனைச் செய்தவர், ஏந்தியவர், அதனால் தாக்குண்டவர் ஆகிய மூவரைப் பற்றியும் அறிந்தவற்றை வகுப்பில் கூறுக.